சிற்றனெல்லாவும் சிறு கன்றும்
தென்னிலங்கை வாசனைப்புற் செய்கையின் வரலாற்றில் நடுகைப் பொருளின் இடம்

இலங்கையின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பி, தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கே தம் ஏடுகளிற் பெரும்பகுதியை ஒதுக்கியுள்ளனர். கறுவாவுக்கு ஒல்லாந்தர் கால வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் பெயரை உலகச் சந்தையிற் சுமந்து சென்ற சிற்றனெல்லா எண்ணெய்க்கு அடிக்குறிப்பு ஒன்றிற்கு மேல் இடம் கிடைப்பது அரிது. சவர்க்காரம், மெருகெண்ணெய், கொசு விரட்டும் தைலம் என்பவற்றிற் கலந்து தன் பெயரை இழந்துவிடும் பொருளாதலால் அதனைப் பயன்படுத்தியோரும் அதனை நினைவில் வைத்திருக்கவில்லை.

இச்செய்கையைப் பற்றிக் குடியேற்ற ஆட்சிக் காலத்து வணிகரும் விஞ்ஞானிகளும் எழுதியவற்றில் ஒரு தீர்ப்புத் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றது. தென் மாகாணத்துக் கிராமியச் செய்கையாளர் தரங்குறைந்த புல்லை நட்டனர். நட்டதைப் பேணாது விட்டனர். வடித்த எண்ணெயிற் கலப்படம் செய்தனர். அதனாலேயே முதலிடத்தை யாவாவிடம் பறிகொடுத்தனர் என்பதே அத்தீர்ப்பு. இதில் உண்மை எவ்வளவு என்பதை எண்ணெய்ப் பீப்பாவிலிருந்து அல்லாது, புல் நடப்பட்ட குழியிலிருந்து ஆராய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குழியில் வைக்கப்பட்ட கன்று எவ்வினத்தைச் சேர்ந்தது, அது எவ்வளவு பெரியது, எத்தனை ஆண்டுகளுக்கொரு முறை அது மாற்றப்பட்டது என்னும் மூன்று வினாக்களும் தாவரவியல் வினாக்கள் போலத் தோன்றினும், விடைகள் பொருளாதார வரலாற்றிலேயே உள்ளன.

புல்லும் அதன் இருவகையும்

வாசனை எண்ணெய் தரும் புற்களிற் பெரும்பாலானவை சிம்போபோகன் என்னும் சாதியைச் சேர்ந்தவை. நம் சமையலறைகளில் இறம்பையுடனும் கறிவேப்பிலையுடனும் சேரும் சேரை எனப்படும் எலுமிச்சம்புல்லும் அச்சாதியினதே. சிற்றனெல்லாவைச் சிங்கள மக்கள் பெங்கிரி என அழைப்பர். அதில் இருவகை உண்டு. ஒன்று லேனபட்டு, மற்றையது மஹாபெங்கிரி. நீண்ட காலமாக இவ்விரண்டும் ஒரே இனத்தின் வேறுபாடுகளாகவே கருதப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கியூ தாவரவியல் நிலையத்தைச் சேர்ந்த ஒட்டோ ஸ்டாப் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் எண்ணெய்ப் புற்களை வகைப்படுத்தி ஒழுங்குசெய்தார். இலங்கையிலே தோட்டத்துரையாக இருந்து புற்களை ஆராய்ந்த ஜோவிற் என்பார் மஹாபெங்கிரியைத் தனியினமாகக் கொண்டு அதற்கு வின்ரர் என்பாரின் பெயரால் வின்ரேரியானஸ் எனப் பெயரிட்டார். காலிக்கு அண்மையிலுள்ள பத்தேகமைப் பகுதியிலே எண்ணெய் வடித்த வின்ரர், இப்புல்லைப் பிறிதொன்றுடன் கலவாது தனியாகப் பயிரிட்டவர். உலகம் முழுவதும் இன்று யாவாச் சிற்றனெல்லா என வழங்கும் புல்லின் விஞ்ஞானப் பெயர், யாவாவை அன்று, காலி மாவட்டத்து வடிசாலை ஒன்றையே நினைவூட்டி நிற்கின்றது.

இரண்டின் வேறுபாடும் சிறிதன்று. லேனபட்டின் எண்ணெயில் ஜெரானியோல் நூற்றுக்குப் பதினெட்டு முதல் இருபது பங்கும், சிற்றனெல்லால் ஐந்து முதல் பதினைந்து பங்கும் காணப்படும். மஹாபெங்கிரியின் எண்ணெயிலோ சிற்றனெல்லால் முப்பத்திரண்டு முதல் நாற்பத்தைந்து பங்கு வரை செல்லும். வாசனைப் பொருள் செய்வோருக்கும், பின்னர் மெந்தோல் செய்வோருக்கும் வேண்டியிருந்தது இச்சிற்றனெல்லாலே. அன்றியும் ஒரே எடையுள்ள பச்சைப்புல்லிலிருந்து லேனபட்டுத் தரும் எண்ணெயிலும் மஹாபெங்கிரி தருவது ஏறத்தாழ இருமடங்காகும். இவ்வளவையும் கேட்பவர், அறிவுள்ள எவனும் மஹாபெங்கிரியையே நடுவான் என்று முடிவு கட்டுவார். ஆனால் மஹாபெங்கிரி நல்ல மண்ணையும் ஒழுங்கான மழையையும் வேண்டுவது. சில ஆண்டுகளில் வலிவிழந்து, பிடுங்கி மறுநடுகை செய்யப்பட வேண்டியது. லேனபட்டோ கற்பாங்கான சரிவிலும் வளரும், வறட்சியைத் தாங்கும், பராமரிப்பின்றியும் பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்று பயன் தரும். ஜின் கங்கை தொடக்கம் வளவை கங்கை வரையில், காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிற் பரந்து கிடந்த சிற்றனெல்லா நிலங்களில் லேனபட்டே மேலோங்கியமைக்கு இதுவே முதற் காரணம். வயலுக்கும் தெங்குக்கும் உதவாத மேட்டு நிலமே இப்புல்லுக்கு விடப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

நடுகைப் பொருள் என்பது யாது?

சிற்றனெல்லாவை வித்திட்டு வளர்ப்பது வழக்கமன்று. குறிப்பாக மஹாபெங்கிரி பூப்பது அரிது. பூத்தாலும் முளைக்கத்தக்க வித்தைத் தருவதில்லை. ஆதலின் முதிர்ந்த தூரொன்றைக் கிண்டியெடுத்து, அதனைப் பிரித்து, பிரித்த துண்டுகளை நடுவதே முறை. நெற்பயிர் மட்டம் வெடிப்பது போலவே இப்புல்லும் அடியிலிருந்து பக்க மட்டங்களை வெடித்துப் பரவும். ஒரு மட்டத்தையோ, ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மூன்று மட்டங்களையோ வேருடன் பிரித்தெடுத்தால் அதுவே நடுகைக்குரிய கன்று. இலைத்தாள்களை மடலின் உச்சிவரை வெட்டிவிடுவர். நீண்ட பழைய வேர்களைக் கத்தரிப்பர். அடியிலுள்ள காய்ந்த மடல்களை உரிப்பர். வெட்டாது விட்ட இலை, வேர் ஊன்றுமுன்னரே நீரை ஆவியாக்கிக் கன்றைக் கொன்றுவிடும் என்பது அனுபவத்தால் அறிந்த உண்மை.

இம்முறையினால் ஒரு விளைவு ஏற்படுகின்றது. பிரித்து நட்ட கன்று தாய்த்தூரின் மறுபதிப்பு. தாயின் குணமே சேயின் குணம். நல்ல தூரொன்று கிடைத்தால் அதன் தரம் தலைமுறை தலைமுறையாகக் கெடாது தொடரும். கேரளத்து எலுமிச்சம்புல்லின் வரலாறு இதற்கு மறுதலையானது. அங்குப் பயிராகும் இனம் வித்தினாற் பெருக்கப்படுவது. வித்துப் பயிர் ஒன்றையொன்று ஒத்திராது. ஒரே நிலத்தில் நல்லதும் அல்லாததும் கலந்து நிற்கும். 1951இல் ஒடக்காலியில் எலுமிச்சம்புல்லுக்கென ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதன் பின் அங்கு நடந்த வேலையிற் பெரும்பகுதி அக்கலப்பிலிருந்து சிறந்த வகைகளைத் தேர்ந்தெடுப்பதாகவே அமைந்தது. சிற்றனெல்லாச் செய்கையாளனுக்கு அத்தொல்லை இல்லை. அவனுக்குரிய தொல்லை வேறு. வித்து இலேசானது, நாலைந்து கிலோகிராம் வித்து ஒரு ஹெக்டேயருக்குப் போதும், ஒருவன் தோளிற் சுமக்கலாம். கன்றோ கனமானது; ஈரம் வற்றுமுன் நடப்பட வேண்டியது; அதைப் பெறுவதற்கு முன்னரே ஒரு புற்காடு இருந்தாக வேண்டும்.

கன்றின் அளவும் விளைச்சலும்

கன்று எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும்? ஒரு மட்டம் போதுமா, மூன்று வேண்டுமா? இவ்வினாவைச் சிறுவினா என ஒதுக்குதல் கூடாது. யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளன் விதைவெங்காயத்தைத் தெரியும்போதும், இஞ்சி, மஞ்சள் நடுவோன் கிழங்கை உடைக்கும்போதும் எதிர்நோக்கும் வினா இதுவே. நடும் பொருளில் உள்ள சேமிப்பு உணவே வேரும் இலையும் தோன்றும்வரை பயிரைத் தாங்குகின்றது. சேமிப்பு மிகுந்தால் தொடக்கம் விரைவாகும்.

புல்லில் அச்சேமிப்பு மட்டத்தின் அடிக்கட்டையில் இருக்கின்றது. ஒற்றை மட்டமாகப் பிரித்த கன்றில் அது குறைவு; வேரும் குறைவு; பிரிக்கும்போது ஏற்பட்ட காயமும் ஒப்பளவில் அதிகம். நட்ட மறுவாரம் மழை பொய்த்தால் முதலில் மடிவது அதுவே. மூன்று மட்டங்கள் கொண்ட கன்றில் ஒன்று மடிந்தாலும் இரண்டு தப்பும், குழி வெறுமையாகாது. தப்பிய கன்றும் மூன்று இடங்களிலிருந்து மட்டம் வெடிக்கத் தொடங்குவதால் முதல் அறுவடையில் அதன் புல் கூடுதலாகும். ஆனால் இவ்வேறுபாடு நிலைத்து நிற்பதன்று. தூர்கள் பரந்து ஒன்றையொன்று நெருங்கும்போது, வெளிச்சம், நீர், மண்வளம் ஆகியவையே இனி எத்தனை மட்டங்கள் வாழலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. சிறு கன்றில் தொடங்கிய தூரும் பெருங்கன்றில் தொடங்கிய தூரும் சில அறுவடைகளின் பின் ஏறத்தாழ ஒரே பருமனை அடைந்துவிடும். பெருங்கன்று தரும் நன்மை முக்கியமாக முதலாண்டின் நன்மை. அதனோடு, வெற்றுக் குழிகள் குறைவு என்னும் நன்மையும் சேரும். வெற்றுக் குழி மட்டும் பின்னைய ஆண்டுகளிலும் வெற்றுக் குழியாகவே தொடரும். மீள நடாவிடில் அவ்விடத்தைக் களையே ஆளும்.

பிறிதொன்றும் கூறல் வேண்டும். கன்றின் அளவு கூட்டுவது புல்லின் எடையையே, எண்ணெயின் குணத்தையன்று. புல்லிலுள்ள எண்ணெய் எத்தகையது என்பதைப் புல்லின் இனமும், அறுக்கும் வேளையில் இலையின் முதிர்ச்சியும், அறுத்தபின் அதைக் காயவைத்த முறையும், வடித்தலின் செம்மையும் நிருணயிக்கின்றன. அன்றியும் பருமன் ஒன்றே கன்றின் தகுதியாகாது. தூரின் நடுவிலுள்ள முதிர்ந்த மட்டங்கள் பருத்துத் தோன்றினும் கட்டை மரத்துப்போனவை. ஓரத்திலுள்ள இளமட்டங்கள் மெலிந்து தோன்றினும் விரைந்து வேர்விடுவன. பருமனையும் இளமையையும் ஒருங்கு நோக்கித் தெரிவதே தேர்ந்த கை.

ஒரு கணக்கு

இதுவரை கூறியது பயிரியல். இனி இதையே செய்கையாளன் கணக்காகப் பார்ப்போம். இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் ஓர் ஏக்கரை நடுவதாயின் 10,890 குழிகள் வேண்டும். குழிக்கொரு மட்டம் வைத்தால் 10,890 மட்டங்கள். மூன்று வைத்தால் 32,670 மட்டங்கள். முதிர்ந்த தூரொன்றிலிருந்து ஐம்பது நல்ல மட்டங்கள் பெறலாம் என வைத்துக்கொண்டால், முதல் முறைக்கு 218 தூர்களைக் கிண்ட வேண்டும். இரண்டாம் முறைக்கு 654 தூர்களைக் கிண்ட வேண்டும். வேறுவகையிற் சொன்னால், ஓர் ஏக்கர் தாய்ப்புல் சிறு கன்றாக ஐம்பது ஏக்கரை நிரப்பும். பெருங்கன்றாகப் பதினேழு ஏக்கரைத்தானும் முற்றாக நிரப்பாது.

கிண்டப்படும் ஒவ்வொரு தூரும் அன்று அறுத்து வடித்திருக்கக்கூடிய எண்ணெயாகும். சொந்தப் புல்லைக் கிண்டுபவன் இவ்வாண்டு வருவாயின் ஒரு பகுதியை மண்ணிற் புதைக்கின்றான். பிறன் புல்லை வாங்குபவன் கைப்பணத்தைப் புதைக்கின்றான். மீளப் பெறுவது முதல் அறுவடைக்கு ஆறு முதல் ஒன்பது மாதங்கள் கழிந்த பின்னரே. அதுவரை காத்திருக்க வல்லவன் பெருங்கன்று நடலாம். வெற்றுக் குழியை உடனே நிரப்பலாம். சில ஆண்டுகளுக்கொரு முறை எல்லாவற்றையும் பிடுங்கி மறுநடுகையும் செய்யலாம். காத்திருக்க இயலாதவன் சிறு கன்றையே நடுவான். அதிலும், சிறு கன்றாக நட்டாலும் பிழைத்துக்கொள்ளும் இனத்தையே நடுவான். நட்டதைப் பல ஆண்டு அறுப்பான். லேனபட்டு, சிறு கன்று, நீண்ட கால அறுவடை என்பன மூன்று தனித்தனிக் குறைகளல்ல. முதலில்லாதவனின் ஒரே முடிவு மூன்று முகங்காட்டி நிற்கின்றது.

இவ்விடத்து வடிசாலையையும் கருத வேண்டும். கொதிகலம், புல்லை அடைக்கும் பெருங்கலம், நீர்த்தொட்டியிலே அமிழ்ந்த சுருள்குழாய், எண்ணெய் திரளும் பாத்திரம் ஆகியவை கொண்டதே வடிசாலை. எண்ணெய் பிரிந்த சக்கையைக் காயவைத்து அதையே விறகோடு சேர்த்து எரிப்பர். கலத்திற்கு வேண்டியது புல்லின் எடை. புல் வாடிப் பழுதாகுமுன் கலம் நிறைய வேண்டும். ஆதலால் குறைந்த செலவிற் பரந்த நிலத்தை மூடுவதே கலத்தை இயக்குபவனுக்கும் இலாபமாயிற்று. சிறு கன்று பரப்பைத் தரும். பெருங்கன்று செறிவைத் தரும். மேட்டு நிலம் மலிவாகவும் பணம் அரிதாகவும் இருந்த நாட்டில் பரப்பே வென்றது.

சந்தை விதித்த சோதனை

செய்கையாளன் இவ்வாறு செய்ததற்குப் புலத்திலிருந்த காரணங்கள் இவை. சந்தையிலிருந்த காரணம் இன்னும் வலியது. 1890களின் இறுதியில் இலங்கை ஆண்டுதோறும் பத்து இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட சிற்றனெல்லா எண்ணெயை ஏற்றுமதி செய்தது. இவ்வெண்ணெயில் மண்ணெண்ணெய் கலத்தல் பரவியதால், வாங்குவோர் ஒரு சோதனையைக் கைக்கொண்டனர். லீப்சிக் நகரத்துச் சிம்மெல் கம்பனி வகுத்தமையால் அது சிம்மெல் சோதனை எனப்பட்டது. எண்ணெயை எண்பது சதவீத மதுசாரத்திற் கரைக்கும்போது அது தெளிவாகக் கரைய வேண்டும்; பத்துப் பங்கு வரை மதுசாரம் சேர்த்தபின் இலேசான மங்கல் தோன்றலாம்; ஆனால் எண்ணெய்த் துளிகள் பிரிந்து நிற்றல் கூடாது. இதுவே சோதனையின் சாரம். ஓரளவு மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயும் இதில் தேறிவிடக் கூடியதாயிருந்தது. பின்னர், சோதனைக்கு முன் எண்ணெயுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு பெற்றோலிய எண்ணெயைத் தாமே சேர்த்துப் பார்க்கும் கடுமையான சோதனையும் வந்தது.

இச்சோதனை எதைக் கேட்கின்றது என்பதே நமக்கு முக்கியம். எண்ணெயில் ஜெரானியோல் எவ்வளவு, சிற்றனெல்லால் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. கரைந்ததா, கரையவில்லையா என்று மட்டுமே கேட்கின்றது. தேறிய எண்ணெய்க்கெல்லாம் ஒரே விலையாயின், நல்ல புல்லை நட்டவனும் நலிந்த புல்லை நட்டவனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். நல்ல மண்ணையும் பெருங்கன்றையும் அடிக்கடி மறுநடுகையையும் வேண்டும் மஹாபெங்கிரியை நடுவதற்குச் செலவு உண்டு. அதற்கேற்ற விலை இல்லை. சோதனையின் எல்லை வரை கலப்படம் செய்வதற்கோ செலவு இல்லை, இலாபம் உண்டு. கலப்படத்தை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அது செய்கையாளரின் பெயரைக் கெடுத்தது. நாட்டின் பெயரையும் கெடுத்தது. எனினும் தரத்துக்கு விலை கொடாத சந்தையில் தரம் வளரவில்லை என்று செய்கையாளனை மட்டும் கடிவது வரலாற்று நேர்மையாகாது.

கடல் கடந்த கன்று

19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் மஹாபெங்கிரி இலங்கையிலிருந்து யாவாவை அடைந்தது. பிரித்து நட்ட கன்று தாயின் மறுபதிப்பு என்று மேலே கூறினோம். ஆகவே சில கட்டுக் கன்றுகளுடன் அப்புல்லின் முழுத் தரமும் கடல் கடந்துவிட்டது. அங்கு ஒல்லாந்தரின் தோட்ட முதலும், எரிமலைச் சாம்பலால் வளமுற்ற மண்ணும், நிறைந்த மழையும் அதனை வரவேற்றன. இலங்கையில் அப்புல் கேட்ட செலவுகள் யாவும் யாவாவிற் செலுத்தப்பட்டன.

விற்பனை முறையும் வேறாயிற்று. யாவா எண்ணெய் கரைதிறனைக் காட்டி விற்கப்படவில்லை. மொத்த ஜெரானியோல் நூற்றுக்கு எண்பத்தைந்து, சிற்றனெல்லால் நூற்றுக்கு முப்பத்தைந்து என்னும் உறுதிமொழியுடன் விற்கப்பட்டது. இலங்கை எண்ணெயின் மொத்த ஜெரானியோல் ஐம்பத்தைந்து முதல் அறுபத்தைந்து வரையிலேயே நின்றது. ஆதலின் யாவா எண்ணெய் எப்போதும் உயர்ந்த விலை பெற்றது; அவ்வுயர்ந்த விலை மறுநடுகைச் செலவைத் தாங்கியது; மறுநடுகை தரத்தைக் காத்தது. இலங்கையிலோ தாழ்ந்த விலை மறுநடுகையைத் தடுத்தது. மறுநடுகையின்மை விளைச்சலைத் தாழ்த்தியது. ஒன்று ஏறும் சுழல். மற்றையது இறங்கும் சுழல். 1930களில் யாவாவின் ஏற்றுமதி இலங்கையினதை நன்கு விஞ்சி நின்றது. தாயகத்திலிருந்து சென்ற கன்றே தாயகத்தின் போட்டியாளனாயிற்று.

1942இல் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றியபோது நேச நாடுகளுக்கு அங்கிருந்து எண்ணெய் வருவது நின்றது. இலங்கை எண்ணெய்க்குத் திடீரெனத் தேவை பெருகியது. ஆனால் புல் என்பது கட்டளையிட்ட மறுநாள் பெருகும் பொருளன்று. கன்று வேண்டும், கன்றுக்காகத் தூரைக் கிண்டினால் விலை உயர்ந்திருக்கும் அவ்வேளையிலேயே எண்ணெய் குறையும். போர்க்கால விலையைக் காணும் செய்கையாளன் கிண்டுவானா, அறுப்பானா? நிற்பதை அறுப்பதிலேயே அவன் நலன் தங்கியிருந்தது. உயர்ந்த விலையும் மறுநடுகைக்குப் பகையாகலாம் என்பதை இத்தொழிலின் இயல்பே உணர்த்துகின்றது. போர் முடிந்தபின் யாவா மட்டுமன்றித் தாய்வான், குவாத்தமாலா முதலிய நாடுகளும் மஹாபெங்கிரியின் எண்ணெயுடன் சந்தையில் நின்றன. தேவதாரு எண்ணெயிலிருந்து சிற்றனெல்லால் முதலியவற்றைச் செயற்கையாக ஆக்கும் முறைகளும் வளர்ந்து, இயற்கை எண்ணெயின் விலைக்கு ஓர் உச்சவரம்பை விதித்தன. இலங்கையிற் சிற்றனெல்லா நின்ற நிலத்திற் பெரும்பகுதி தேயிலைக்கும் இறப்பருக்கும் தெங்குக்கும் பிற பயிர்களுக்கும் மாறிற்று. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளின் மேட்டு நிலங்களிற் சிற்சில இடங்களிலேயே இன்று அது எஞ்சியுள்ளது. எனினும் இலங்கை வகை என்னும் பெயர் எண்ணெய் வணிகத்தில் இன்றும் அழியவில்லை.

முடிவாக

மேலே கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, கன்றின் அளவு விளைச்சலைப் பாதிக்கின்றது என்பது உண்மை. ஆயினும் அப்பாதிப்பு முதலாண்டிலும் வறட்சியிலுமே பெரிது. எனவே எந்த அளவுக் கன்று சிறந்தது என்னும் வினாவுக்கு எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. மழை உறுதியான நிலத்தில், நிரம்பிய தாய்ப்புல்லுக்கு அருகில் இருப்பவனுக்கு ஒரு விடை. வறண்ட சரிவில் கடனுக்குக் கன்று வாங்குபவனுக்கு வேறு விடை. சோதனைத் திடலிற் பெற்ற விளைச்சலை மட்டும் கொண்டு கிராமத்துக்கு அறிவுரை கூறுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இரண்டாவது, தென்னிலங்கைச் செய்கையாளன் சிறு கன்றையும் வலிய புல்லையும் தெரிந்தமை அறியாமையின் விளைவன்று. வறட்சி, வறுமை, தரத்தைக் கேளாத சந்தை என்னும் மூன்றினிடையே இழப்பைக் குறைக்கும் வழியை அவன் தெரிந்தான். அவ்வழி அவனை ஆண்டுக்காண்டு பிழைக்க வைத்தது. ஆனால் முன்னேற விடவில்லை. தனித்தனியே நோக்கின் அறிவுடைமையாகத் தோன்றிய ஆயிரமாயிரம் தெரிவுகள் ஒன்றுசேர்ந்து ஒரு தொழிலையே தாழ்த்திவிட்டன. இதற்கு மாற்று, கடனும், தரத்துக்கு ஏற்ற விலையும், கன்றைப் பெருக்கித் தரும் பொதுத் தாய்த்தோட்டமுமே. அவற்றைத் தனியொருவன் தனக்காக உண்டாக்கிக்கொள்ள இயலாது. அரசோ கூட்டுறவோ செய்ய வேண்டியதைச் செய்யாதவிடத்து, குற்றத்தைக் குழியிற் கன்று வைத்தவன் மீது சுமத்துவது எளிது.

மூன்றாவது, வரலாறு பயில்வோராகிய நமக்குரியது. ஏற்றுமதி அட்டவணைகளும் ஆளுநரின் அறிக்கைகளும் ஒரு பயிரின் முடிவைக் காட்டும், தொடக்கத்தைக் காட்டா. தொடக்கம், மழைக்கு முந்திய நாளில் ஒருவன் தூரைக் கிண்டிக் கையில் வைத்துக்கொண்டு, இதை இரண்டாகப் பிரிப்பதா, ஆறாகப் பிரிப்பதா என்று எண்ணும் அக்கணத்தில் உள்ளது. அவன் கையிலிருந்த கத்தி புல்லை மட்டும் வெட்டவில்லை. இவ்வாண்டுச் சோற்றையும் வருமாண்டு விளைச்சலையும் பங்கிட்டது. அப்பங்கீட்டைப் புரிந்துகொள்ளாத பொருளாதார வரலாறு, எத்துணை எண்கள் நிரம்பியதாயினும், நிறைவுடையதாகாது.